யாழினியைப் பற்றி என்னிடம் மறைத்தது

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. மகள் யாழினியின் வாக்கர் சக்கரத்துக்கு எண்ணெய் விட வேண்டும்.

பள்ளி வாசலில் புதுச் சாய்தளம். நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஞாயிறன்று கூடிப் போட்டதாம். நான் கேட்கவே இல்லை. மகள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறிவிட்டாள். அவளுடன் படிக்கும் நிலாவின் அம்மா ரேவதிக்கு நன்றி சொன்னேன்.

"இதுக்கெல்லாம் எதுக்குங்க தேங்க்ஸு? நம்ம புள்ளைங்க."

பழைய பள்ளியிலும் இப்படித்தான் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். மூன்றே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள்: "பாப்பாவுக்கு வேற நல்ல எடமாப் பாருங்க."

ஜூலை 9, புதன்

இடிக்கிற விஷயங்கள்:
– நிலாதான் தினமும் இவள் பையைத் தூக்குகிறாள்.
– எந்த விளையாட்டானாலும் யாழினிக்கே ஜெயம்.
– கலைவாணி டீச்சரைக் கேட்டால், "யாழினி தங்கமான புள்ளைங்க." தங்கமா? வீட்டில் அப்படி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

யாழினி அப்பாவிடம் சொன்னேன். "நல்லது செஞ்சாலும் உனக்குக் குத்தம்தானா?" என்று லேத் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

வேலை பார்க்கும் மண்டியில் அரை நாள் லீவு. பள்ளி விடுமுன்னே போய்விட்டேன். வேப்ப மரத்தடியில் நாலைந்து அம்மாக்கள். ரேவதி குரல்:

"யாழினி அம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. மனசு ஒடஞ்சு போயிருவாங்க."

என்னைப் பார்த்ததும் கப்சிப். பிறகு, "ஏனுங்க, வாங்க வாங்க. காப்பி குடிச்சீங்களா?"

முடிந்தது. அனுப்பப் போகிறார்கள். கிணத்துக்கடவில் இதை விட்டால் நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளி இல்லை.

ஜூலை 12, சனி

நேரே ரேவதி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கேட்டேன்.

"எம்பொண்ண எப்ப நிறுத்தச் சொல்றீங்க? நேராச் சொல்லிப்போடுங்க."

ரேவதி திகைத்துவிட்டாள். நிலாவைக் கூப்பிட்டுச் சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். முழங்கை வரை கிள்ளிய தடம்.

"உங்க பாப்பாதானுங்க. ஒரு மாசமா. பென்சில் குடுக்கலீன்னா கிள்ளு, எடம் விடலீன்னா கிள்ளு. பாவம், திருப்பி ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு நாங்கதான் புள்ளைங்களுக்குச் சொல்லி வெச்சோம். டீச்சரையும் சொல்ல வேண்டாமுன்னு கேட்டுக்கிட்டோமுங்க."

வெட்கமாக இருந்தது. கோபமும். யாழினி மேல் பாதி, இவர்கள் மேல் பாதி. நிலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ரேவதியிடம், "இனிப் பாவம் பாக்காதீங்க. தப்பு செஞ்சா அங்கயே திட்டுங்க" என்றேன்.

"சரிங்க" என்றாள். நம் ஊர் 'சரிங்க'வை எவ்வளவு நம்புவது?

வீட்டில் யாழினிக்குச் செம திட்டு. அவள் என்னை விழித்துப் பார்த்தாள். "யாருமே ஒண்ணும் சொல்லலியேம்மா!"

ஜூலை 14, திங்கள்

வெயில். போர்வைகளை அலசிப் போட்டேன்.

சாயங்காலம் யாழினி முகம் வீங்கி வந்தாள். பையை அவளே கழுத்தில் மாட்டிக்கொண்டு. மறுபடி கிள்ளியிருக்கிறாள். எல்லார் முன்னாலும் நிலா திட்டிவிட்டாளாம். இனிப் பேச்சே கிடையாதாம்.

ரேவதியின் 'சரிங்க' நிஜம்தான்; பாவம் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்குச் சாரி சொல்றேன். அப்பவும் பேசலீன்னா என்னம்மா பண்றது?"

சொல்லும்போதே தேம்பித் தேம்பி அழுதாள். ஒரு தோழிக்காக இவள் அழுவது இதுதான் முதல் தடவை.