மலைக்கு அப்பால் விட்ட பருந்து

கடிதம் 23
14-11-2019, வியாழன், காலை 6.40

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

கோழிப்பண்ணையைச் சுற்றும் பருந்துகளை உயிரோடு பிடித்துத் தொலைவில் விட்டுவருவதே இங்கே என் வேலை. அவற்றுள் ஒன்று இருமுறை திரும்பி வந்துவிட்டது.

"பெரியவரே, இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா சுட்டுடுவேன். அப்புறம் நீங்களும் மூட்டையைக் கட்டுங்க!" என்று முதலாளி சிரித்தார்.

11-11-2019 திங்களன்று அதை மலைக்கு அப்பால் கொண்டுபோனேன். கூண்டைத் திறந்தும் அது பறக்கவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. அதுமுதல் தகரக் கூரையில் எது உரசினாலும் விழித்துக்கொள்கிறேன்.

கையுறை கிழிந்துவிட்டது, தடித்த ஊசி அனுப்பு. கடிதத்தில் நாலு வரி கூடுதலாக எழுது.

முதலாளி வருகிறார். முடிக்கிறேன்.

இணைப்பு:
1. என் மருந்துச் சீட்டின் நகல்.
2. இன்று விடியலில் கூண்டின்மேல் கிடந்த பருந்தின் இறகு. முதலாளி கண்ணில் படுமுன் எடுத்தது.