பதினேழாம் எண்ணுக்கு நான் கொடுத்த குரல்

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரத்தை எப்போதும் எனக்கே விட்டுக்கொடுத்த என் செல்ல அபிக்கு,

நாளைக்குச் சனிக்கிழமை. உன் அம்மா, என் அத்தை, என்னோடு கல்லூரிக்கு வருகிறார். எதற்கு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரே படித்தாலும் படித்துக்கொள்ளட்டும். மறைத்து மறைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து நம் இரண்டு பேரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், நினைவிருக்கிறதா? பிளஸ் ஒன் படித்துக்கொண்டே சனிக்கிழமைதோறும் புதுக்கோட்டைக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனைப் பாடம். பாஸானால் கிரெடிட் கிடைக்கும், பின்னால் கல்லூரியில் சேரும்போது அது கூடவே வரும் என்றார்கள். நீ மறுவாரமே வெள்ளைக் கோட் தைத்துவிட்டாய். “டாக்டரம்மா, வலிக்காம ஊசி போடுங்க” என்று உன்னைக் கிண்டல் பண்ணியே ஒரு மாதத்தை ஓட்டினேன்.

வருகை குறைந்தால் கிரெடிட் கிடையாது. நம்முடைய கெட்ட வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. நான் நார்த்தாமலை விலக்கில் ஏறி நேரத்தோடு போய்விடுவேன். நீ குன்றாண்டார்கோவில் பக்கமிருந்து கிளம்பி, கீரனூரில் பஸ் மாறி, மூச்சிரைக்க வருவாய். சார் தலை நிமிராமல் நம்பரைத்தான் கூப்பிடுவார். பதினேழு நீ, பதினெட்டு நான். பதினேழுக்கு உன்னுடைய மூக்கடைத்த குரலில் “பிரசன்ட் சார்” என்பேன், பதினெட்டுக்கு என் குரலில். கால் மணி கழித்து நீ பின்வாசலில் நழுவி வந்து என் தொடையைக் கிள்ளுவாய். அந்த வகுப்பில் பாதிப் பேர் இதைத்தான் செய்தார்கள். வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் பத்து மணி பத்து நிமிடத்துக்குப் போனில் செய்தி போகும் என்பதை நாம் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

உனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை போன் பண்ணினாய். “முடியலைன்னா வராதடி” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “மாத்திரைய போட்டுட்டு வந்துருடி, நாளைக்கு மைக்ராஸ்கோப் தொடப்போறோம்” என்றேன். மறுநாள் பதினேழு என்றதும் குரல் கொடுத்தேன். பின்வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ வரவில்லை.

கீரனூரில் இறங்கியதும் தலை சுற்றுகிறது என்று வந்த பஸ்ஸிலேயே திரும்ப ஏறிக்கொண்டாயாம். கண்டக்டர்தான் பிறகு சொன்னார். உங்கள் ஊர் விலக்கில் இறங்கி நிழற்குடை பெஞ்சில் படுத்திருக்கிறாய். அங்கிருந்து ஊருக்கு ஒரு மைல் நடக்க வேண்டும், உன்னால் முடியவில்லை. சாயங்காலம் ஆடு ஓட்டி வந்தவர்கள்தான் உன்னைப் பார்த்தார்கள். அதுவரை உன் அம்மா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார், அபி. செய்திதான் வந்துவிட்டதே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கடிந்துகொண்டார். “காலையிலயே கூட்டிட்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாமேம்மா.”

“காலையில அவ கிளாஸ்ல இருந்தா சார். மெசேஜ் வந்துச்சே” என்றார் அத்தை.

நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை? பயம்தான். என் அப்பா தன் தங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கை என் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று மட்டும்தான் யோசித்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கல்லூரிக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் உன் பெயரை அடித்துவிட்டார்கள். கல்லூரிக்கு யாரும் சொல்லவில்லை. சார் நோட்டைப் புரட்டி, “பதினேழும் பதினெட்டும் ரெண்டு வாரமா வரலை. இன்னைக்கும் வரலைன்னா வீட்டுக்குப் போன் போடணும்” என்றார். போன் போட்டால் அத்தை எடுப்பார். அந்தச் சனிக்கிழமை வந்தாளா என்று கேட்பார். நோட்டைப் பார்ப்பார்கள். யார் குரல் கொடுத்தது என்று தோண்டுவார்கள். சார் பதினேழு என்று கூப்பிட்டார்.

உன் குரலில் “பிரசன்ட் சார்” என்றேன்.

அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும். ஒருமுறை ஆரம்பித்ததை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. இப்போது ஐந்து சனிக்கிழமை ஆகிவிட்டது. போன வாரம் ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். டெங்குவில் அது எப்படி மளமளவென்று இறங்கும் என்று சார் போர்டில் எழுதினார். உன்னை அதுதான் கொண்டுபோனது. நான் வரி விடாமல் எழுதிக்கொண்டேன். உன் நம்பருக்கும் அன்றைக்கு வருகை உண்டு. என்னைப் போல ஒரு ஜென்மம் இருக்குமா?

காரியம் முடிந்து உன் அப்பா துபாய்க்குத் திரும்பிவிட்டார். அத்தை வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். உன் வெள்ளைக் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். “இத நீ போட்டுக்க ஆத்தா. ஒனக்கும் அவளுக்கும் ஒரே அளவுதானே.” அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போனைக் காட்டினார்.

“இங்க பாரு. அபிநயா இன்று வகுப்பிற்கு வந்துள்ளார். அஞ்சு வாரமா வருது.”

“மிஷின் தப்பா அனுப்புது அத்தை.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.” விரலால் மேலே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். நீ நிழற்குடையில் கிடந்த அன்றைக்கு வந்த செய்தி. “அன்னைக்கும் மிஷின்தானா?”

அத்தை கோபப்படவில்லை. என் தலையை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, நெற்றி வலிக்கிற மாதிரி இறுக்கிப் பின்னிவிட்டார். பின்னிக்கொண்டே சொன்னார், “வார சனிக்கெழம ஒங்கூட நானும் வாரேன். கிளாஸ் வாசல்ல ஒக்காந்துக்கிறேன். எம் மகளுக்கு யாரு குரல் கொடுக்குறாங்கன்னு எங் காதால கேக்கணும்.”

“கேட்டு என்ன அத்தை பண்ணப் போறீங்க?”

ரிப்பனைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா, அபி? தெரிந்துகொண்டேதான் என் தலையைப் பின்னினாரா? இந்த வாரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். கிரெடிட் போனால் போகட்டும். என் அப்பாவும் அத்தையும் முகம் பார்க்காமல் போய்விடுவார்களோ என்றுதான் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. போகும்போது வாசலில் என் அம்மாவிடம் அத்தை சொன்னது என் காதில் விழுந்தது. “சனிக்கெழம ஆனா அந்த மெசேஜ் வர்ற வரைக்கும் எனக்கு வேல ஓட மாட்டேங்குது அண்ணி. வந்துருச்சுன்னா அன்னைக்கு ஒரு வாய் சாப்புடுறேன்.”

அந்த ஒரு வாய்ச் சோற்றையும் நாளைக்கு நான்தான் பிடுங்கப் போகிறேன்.

உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன். அத்தை கல்லூரி வாசல்வரை வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. விடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அன்றைக்குப் பேசியது நான், அதற்கப்புறம் பேசியதும் நான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். பத்து மணி பத்து நிமிடம் ஆகும்போது அந்தப் போனில் எதுவும் வராது. அவர் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும், அந்த நேரத்தில் உங்கள் வாசலில்தான் இருப்பேன்.

உன் மாமன் மகள்,
கௌசல்யா