எழுதிக் கொடுத்த காமாலை

காலில் மஞ்சள் இன்னும் போகவில்லை. மூன்று தரம் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன். நகத்தோரத்திலும் குதிகால் வெடிப்பிலும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பன்னீர் வாசனை வேறு. மெஷினில் உட்கார்ந்து நாலு தையல் போடலாம் என்று பார்த்தால் அந்த வாசனை மேலே ஏறி வந்து குமட்டுகிறது. தைக்க வேண்டிய பிளவுஸை மடித்து வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. செத்துப் போன சிநேகிதிக்கு லெட்டர் எழுதுகிறாளே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அக்கம்பக்கத்தில் சொல்லிப் பார்த்தேன். "வுடு, எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதான்" என்கிறார்கள். நீ ஒருத்திதான் என்னைக் காறித் துப்பியிருப்பாய். இன்றைக்கு எனக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

கால் என்றால் உன்னை நினைக்காமல் எப்படி இருப்பது? உத்திரமேரூர் பஜாரில் உங்கள் செருப்புக் கடை. பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் உனக்கு நாஷ்டா சாப்பிடக்கூட நேரம் இருக்காது. தரையில் குந்தி உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளின் காலை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து, ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாய். கழனிச் சேற்றோடு வந்த கால், சிரங்கு பிடித்த கால், எல்லாம் உனக்கு ஒன்றுதான். ஒரு தரம் நான் முகத்தைச் சுளித்தேன். "ஏய் பெருநகரு, கால்ல இன்னாடி கீது? கால்தான் கீது" என்றாய். என் பேரைச் சொல்லி நீ கூப்பிட்டதே இல்லை, என் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவாய். என் மகள் பவித்ராவுக்கு முதல் ஷூ மாட்டிவிட்டதும் நீதான். ஏழு வயதில் அவள் உன் கடையில் உட்கார்ந்துகொண்டு, படியேறி வருகிறவர்களின் காலைத் தூரத்திலிருந்தே பார்த்து "ஆறு", "எட்டு" என்று சைஸ் சொல்வாள். சரியாக இருக்கும். நீ வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாய்.

அந்தப் பவித்ரா இப்போது பிளஸ் டூ. இன்றைக்கு அவள் என் காலைக் கழுவினாள். ஏன் கழுவினாள் என்று சொன்னால் உனக்கு நம்பிக்கை வராது.

நீ போன கையோடு அவள் பத்தாவது முடித்தாள். நாம் படித்த அரசு பெண்கள் பள்ளியில் போடாமல், ஊருக்கு வெளியே இருக்கிற தனியார் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நீ இருந்திருந்தால் நடுத்தெருவில் நிறுத்திச் சண்டை போட்டிருப்பாய். பள்ளி வாசலில் ஆள் உயரத்துக்குப் பேனர் கட்டியிருந்தார்கள். பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி, வருஷா வருஷம். அதைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன், வேறென்ன?

பவித்ராவுக்குக் கணக்கு வரவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்து பொங்கல் லீவுக்குப் பிறகு அவளையும் இன்னும் ஆறு பேரையும் வகுப்பிலிருந்து பிரித்து, லேபுக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். என் போனுக்கு மெசேஜ் வந்தது: 'தங்கள் மகள் ஸ்பெஷல் கேர் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளார்.' எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பெஷல் மீல்ஸ், ஸ்பெஷல் தரிசனம், ஸ்பெஷல் பஸ், நமக்குத் தெரிந்த ஸ்பெஷல் எல்லாமே ஒரு படி மேலேதானே! பிளவுஸ் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் "எம் பொண்ண ஸ்பெஷல்ல போட்டுக்கீறாங்க" என்று பீற்றிக்கொண்டேன். கேசரி கிளறி நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பவித்ரா தட்டைத் தொடவில்லை. "யம்மா, அது ஃபெயிலாவறவங்க ரூம்மா" என்றாள். கேசரி வாங்கித் தின்ற நாலு வீட்டுக்கும் அடுத்த நாளே விஷயம் தெரிந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் கிளாஸ் மேடம் போன் செய்து வரச் சொன்னார். போனேன். நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, சிஸ்டர் சிஸ்டர் என்று தேனொழுகப் பேசினார். "பவித்ரா மார்ச்ல எழுதினா கண்டிப்பா போயிடும் சிஸ்டர். இப்ப வேணாம். ஜூன்ல துணைத் தேர்வு வரும், நிதானமா எழுதட்டும். அட்டெண்டன்ஸுக்கு மட்டும் வந்துட்டுப் போகட்டும். அவ நல்லதுக்குத்தான் சொல்றோம்." தேர்வுக்கு வராதவர்களைத் தேர்ச்சிக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். பிள்ளை வீட்டில் உட்கார்ந்தால் அவர்களுடைய நூறு அப்படியே நிற்கும். இது அப்போதே எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று உன்னிடம் நடிக்க மாட்டேன்.

ஒரகடம் கம்பெனியில் ஷிப்டில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "மேடம் சொன்னா செரியாத்தான் இருக்கும். எய்திக் குட்த்துட்டு வா, நான் மெஷினாண்ட நிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். மேடம் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். என் கையெழுத்திலேயே இருக்க வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் மகளுக்கு மஞ்சள் காமாலை கண்டிருப்பதால் பொதுத்தேர்வு எழுத இயலாத நிலையில் உள்ளாள். ஏன் காமாலை என்று கேட்டேன். "அதுக்குத்தான் சிஸ்டர் ரெண்டு மாசம் ரெஸ்ட்டுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். நான் 'காமாளை' என்று எழுதிவிட்டேன். "சின்ன லை" என்று விரலை வைத்துக் காட்டினார். அடித்துத் திருத்தினால் பார்க்க நன்றாக இருக்காதே என்று இன்னொரு தாள் கேட்டு வாங்கி, முதலிலிருந்து குண்டு குண்டாக அழகாக எழுதிக் கொடுத்தேன். கேட்டாயா? பெற்ற பிள்ளைக்கு இல்லாத வியாதியை எழுதுகிறேன், அதில் எழுத்துப் பிழை இருக்கக் கூடாதாம் எனக்கு! தூ! என் கையைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அந்த அறையில் இருந்த ஏழு பேருக்கும் காமாலைதான். லெட்டரை வைக்க மேடம் ஃபைலைத் திறந்தபோது பார்த்தேன். வேறு வேறு கையெழுத்து, ஒரே வியாதி.

வீட்டுக்கு வந்து உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு நோட்டீஸ் போர்டில் உன் நம்பர் இல்லை. நீ மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினாய். நான் என் நம்பரைப் பார்த்த சந்தோஷத்தைக் காட்டாமல் முழுங்கிக்கொண்டு நின்றேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஜ்ஜி வாங்கி, ஒன்றை என் வாயில் திணித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாய். முழுசாக அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாய். அதற்குப் பிறகு பஜாரில் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஆமா, ஃபெயிலுதான். நான் எய்தித்தான் ஃபெயிலானேன்." மகள் பேச்சைக் கேட்டு உங்க அத்தா தலையில் அடித்துக்கொண்டார். அக்டோபரில் திரும்ப எழுதிப் பாஸ் பண்ணினாய். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நம் பள்ளியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, கக்கூசுக்குக் கதவு கிடையாது. ஆனால் நீ ஃபெயிலாவாய் என்று தெரிந்தும் உன்னைப் பரீட்சைக்கு விட்டார்கள்.

இன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். பாத பூஜை என்று நோட்டீஸ். தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் பெற்றோரின் காலைக் கழுவி ஆசி வாங்க வேண்டும். ஏழு பேர் வீட்டுக்கும் தனியாகப் போன் வந்தது. கட்டாயம் வரணும், வரிசையில் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. தேர்வுக்கு வேண்டாத பிள்ளை போட்டோவுக்கு வேண்டுமாம்.

ஹால் நிறைய பிளாஸ்டிக் நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு சொம்பில் பன்னீர் கலந்த தண்ணீர், மஞ்சள், குங்குமம், நாலு சாமந்திப்பூ. மேடையில் கோட்டு போட்ட ஒரு ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் கீபோர்டில் சோகமாக ஒருவர் வாசிக்கிறார். "இந்தக் கால் உனக்காக எத்தனை வெயில்ல நடந்திருக்கும்! நீ எத்தனை முறை ஏமாத்தியிருப்ப! அழு! வெக்கப்படாத, அழு!" என்கிறார் அந்த ஆள். பிள்ளைகள் விசும்ப ஆரம்பித்தார்கள். ஒரு பெண் அழுதால் பக்கத்துப் பெண் அழுகிறாள். நாற்காலியில் இருந்த அம்மாக்களும் முந்தானையை எடுத்தார்கள். கேமராக்காரன் யார் அதிகமாக அழுகிறார்களோ அங்கே ஓடுகிறான். அழுகையைக் கறக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டோமே என்று தோன்றியது. எழுந்து போகவில்லை. நானும் காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

பவித்ரா அழவில்லை. என் காலை டப்பில் எடுத்து வைத்து, தண்ணீர் ஊற்றி, மஞ்சளைப் பூசிக்கொண்டே, தலையைத் தூக்காமல் மெதுவாகக் கேட்டாள். "யம்மா, நான் தொட்லாமா?"

"இன்னாடி கேக்கற?"

"எனக்குக் காமாலைன்னு கிளாஸ்ல சொல்ட்டாங்க. அந்த ரூமு ஆளுங்களயும் தனித்தனியா உக்கார வெச்சிட்டாங்க. யாரும் எங்கூட சோறு துன்றதில்ல. என் பாட்டில்ல தண்ணி குடிக்கறதில்ல. ஒட்டிக்குமாம்."

"எத்தினி நாளா?"

"நீ எய்திக் குட்த்த நாள்லருந்து."

மூன்று வாரமாகத் தினமும் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவள் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மேடையில் அந்த ஆள், "அம்மா என்னை மன்னிச்சிடுன்னு சத்தமா சொல்லு!" என்று கத்துகிறார். ஹால் முழுக்கப் பிள்ளைகள் சொல்கிறார்கள். இவளும் வாயைத் திறந்தாள். நான் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். டப் கவிழ்ந்து தண்ணீர் பக்கத்து வரிசை வரைக்கும் ஓடியது.

ஈரக்காலோடு ஆபீஸ் அறைக்குப் போனேன். கரஸ்பாண்டென்ட் உட்கார்ந்திருந்தார்.

"சார், பவித்ரா ஹால் டிக்கெட்டக் குடுங்க."

"உங்க பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு நீங்களே லெட்டர் எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா."

"ஆமா சார், என் கைதான். காமாலை எறங்கிடுச்சு."

"ஃபெயிலானா யாரும்மா பொறுப்பு?"

"அவதான். அவளே எய்தி அவளே ஃபெயிலாவட்டும். நீங்க டிக்கெட்டக் குடுங்க."

"விழா முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். "அங்க மைக்கு ஆன்லதான கீது சார்? நான் போயி அதுலயே பேசிக்கிறேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், டைல்ஸ் தரையில் மஞ்சளாகக் கிடந்த என் காலடியைப் பார்த்தார். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். லெட்டரையும் கேட்டேன். அது ஃபைலில் இருக்கட்டும் என்றார்.

நீ இருந்தால் இந்த இடத்தில் விசிலடித்திருப்பாய். அவசரப்படாதே. வெளியே வரும்போது ஏழு பேரில் இன்னொருத்தியின் அம்மாவைப் பார்த்தேன். "நான் வாங்கிட்டேன், நீயும் போயி கேளு" என்றேன். "எதுக்குக்கா நமக்குப் பேஜாரு" என்று டப்பிலேயே காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நீயாக இருந்தால் ஆறு பேரையும் இழுத்துப் போயிருப்பாய். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

பஸ்ஸில் பவித்ரா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ஹால் டிக்கெட்டில் இருக்கிற தன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள், என் தோளில் சாய்வாள் என்று ஒரு எண்ணம் எனக்கு.

"நான் ஃபெயிலாயிடுவேன்னு நெனச்சியாம்மா?" என்றாள்.

"சீ, இல்ல கண்ணு" என்றேன். பட்டென்று வந்துவிட்டது.

அவள் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள். "அப்போ இன்னாத்துக்கு எய்திக் குட்த்த?"

பெருநகர் ஸ்டாப்பில் நான் முன்னால் இறங்கி நடந்தேன். இப்போது உள்ளே கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. பாஸாவாளா, எனக்குத் தெரியாது. பஸ்ஸில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் தெரியும். நினைத்தேன், பவித்ரா கண்ணு. மேடம் சொல்வதற்கு முன்னாலேயே, அந்த அறையில் உன்னை உட்கார வைப்பதற்கும் முன்னாலேயே, நீ ஃபெயிலாகிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்தால் நாலடி தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் இதைச் சொல்ல வாய் வராமல்தான் செத்துப் போன உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.