நம் வீட்டுக்கு வந்த பச்சை வட்டம்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், அதுதான் எப்போதும் என் நினைப்பு. கையில் போன் இருக்க, இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று முகத்தைச் சுளிப்பாய். கூடத்தில் நின்று பேசினால் அப்பா காதில் விழும். சமையலறைக்குப் போய்ப் பேசினால் பக்கத்து வீட்டுத் தையல்காரி காதில் விழும். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது, "அம்மா, நம்ம வீடும் பச்சையாயிடுச்சு! ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன்" என்று குதித்தாய். போனை அப்பா காதில் வைக்கச் சொல்லி அவரிடமும் அதையே சொன்னாய். அவர் ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். நான் மட்டும் ஒரு வார்த்தை சந்தோஷமாகச் சொல்லவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். அன்று மென்று முழுங்கியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் அலுவலகம் கொடுத்த பணத்தில் தெரு மாறித்தான் போயிருக்கிறது. வீட்டுக்கு மூன்று குப்பைத்தொட்டி, குழாய்க்கு மீட்டர், தெருமுனையில் பெரிய பலகை. தண்ணீரையும் குப்பையையும் குறைத்த வீட்டுக்குப் பச்சை வட்டம், குறைக்காத வீட்டுக்குச் சிவப்பு. எல்லா வீடும் பச்சையானால் இரண்டாவது தவணை வரும், முனையில் இருக்கும் குப்பைமேட்டை அள்ளிவிட்டுப் பிள்ளைகள் விளையாட இடம் கட்டலாம். நல்ல காரியம், இல்லை என்று யார் சொன்னது? பழைய திரைச்சீலைகளைக் கிழித்துப் பை தைத்து வீடு வீடாகக் கொடுத்தவளே நான்தான். "உங்கம்மா வாய்க்கும் ஒரு மீட்டர் மாட்டச் சொல்லு" என்று அப்பா உன்னிடம் கேலி பேசினாரே, நினைவிருக்கிறதா? அவர் வாய் திறந்து பேசிய கடைசிக் கேலி அது. அடுத்த வாரம்தான் பக்கவாதத்தில் விழுந்தார்.

தேறி வருகிறார் என்று நான் உன்னிடம் சொல்லி வந்ததில் பாதிதான் உண்மை. உயிர் தேறியது. வலப்பக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. எழுந்திருக்க முடியாத மனிதருக்கு எல்லாமே படுக்கையில்தான் என்பதை நான் சொல்லித்தானா உனக்குத் தெரிய வேண்டும்?

முதலில் போட்டு எறிகிற டயப்பர்தான் வாங்கினேன். குப்பைத்தொட்டி கனத்தது, நம் வீட்டுக்குச் சிவப்பு விழுந்தது. தெருக்குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரர் வந்தார். அந்த டயப்பரை எனக்கு விற்றதே அவர்தான். கோபப்படவில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி, "உங்க பொண்ணு கொண்டுவந்த திட்டம்மா. உங்க வீட்டுக்கே சிவப்புன்னா எங்களுக்குச் சங்கடமா இருக்கு" என்றார். சரி என்று துணிக்கு மாறினேன். துணி என்றால் துவைக்க வேண்டும். குப்பை குறைந்தது, தண்ணீர் மீட்டர் ஏறியது, மறுபடி சிவப்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நோயாளி இருக்கிற வீடு, எங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று நேரில் போய்க் கேட்டேன். "ஒரு வீட்டை விட்டாலும் தெருவுக்குப் பணம் வராதும்மா. விதி அப்படி. உங்க பொண்ணு ஆபீஸ் எழுதினதுதானே" என்றார்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. மாடி வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தார்களே, அவர்கள் ஒருநாள் காலி செய்துவிட்டுப் போனார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பலகையில் இருந்த அவர்கள் வீட்டு எண்ணை அன்றைக்கே அழித்துவிட்டார்கள். இப்போது யாரும் வெளிக்கொடியில் துணி காயப்போடுவதில்லை. "அக்கா, காலையில உங்க குழாய் ரொம்ப நேரம் ஓடுச்சே, மூட மறந்துட்டீங்களா?" என்று தையல்காரி சிரித்துக்கொண்டே கேட்டாள். அன்றிலிருந்து எதிர்ப் பட்டறையில் தச்சர் மரம் அறுக்கும் சத்தம் கேட்டால்தான் குழாயைத் திறக்கிறேன். சொந்த வீட்டில் திருடி மாதிரி.

பிறகு ஒருநாள் அந்தத் தையல்காரியே ஒரு விலாசத்தோடு வந்தாள். படுக்கையில் இருப்பவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடமாம். "மாசக் கடைசி வரைக்குமாவது மாமாவ அங்க விட்டுவைங்கக்கா. அவருக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது" என்றாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னாள். பேச்சு போனவருக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள் போல.

மறுநாளிலிருந்து அப்பா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார்.

விழுங்க முடியவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். கஞ்சியை விழுங்குகிறார். தண்ணீரைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். ஏன் இப்படி என் உயிரை வாங்குகிறீர்கள் என்று கத்தினேன். ஜன்னலைப் பார்த்தார். அவர் கட்டிலிலிருந்து தெருமுனைப் பலகை நேராகத் தெரியும். இத்தனை வருஷம் பேருந்து ஓட்டிய கண், தூரத்து எழுத்து அவருக்குத் தப்பாது. திரையை இழுத்து மூடினேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கொண்டுவந்த காரியம் தன்னால் கெட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

அழுது கெஞ்சினால் இரண்டு கரண்டி வாங்கிக்கொள்வார். ஒருநாள் காலையில் துணியை மாற்றப் போனேன். முந்தின நாள் கட்டிவிட்டபடியே உலர்ந்து கிடந்தது. அந்த வாரம்தான் நம் வீட்டுக்குப் பச்சை வட்டம் வந்தது. தெருவே நம் ஜன்னலுக்குக் கீழே நின்று கைதட்டியது. மருந்துக்கடைக்காரர் பரிசாக ஒரு பூந்தொட்டி கொடுத்து, "வாடாம பாத்துக்கங்கம்மா, தினம் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றார். அதை ஜன்னலில் வைத்திருக்கிறேன். நான் அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது அப்பா பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் நீ கூப்பிட்டாய். உன் சந்தோஷத்தைக் கேட்ட நாளிலிருந்து அந்த இரண்டு கரண்டியும் இல்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "உள்ள தண்ணி போகலன்னா கிட்னி தாங்காதும்மா" என்று சொல்லி, கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினாள். இடது கையால் அதையும் பிடுங்கி எறிந்துவிட்டார். உதடு வெடித்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்று நீ கண்டாயா, நான் கண்டேனா? ஆனால் அடுத்த வாரம் உன் அலுவலகத்திலிருந்து கேமராவோடு வருகிறார்களாம், நம் வீட்டு வாசலில் நிறுத்தி என்னைப் படம் எடுப்பார்களாம். எந்த முகத்தோடு நிற்பேன்?

அப்பாவோடு வண்டியில் இருந்த கண்டக்டர் இன்று மாலை உன் ஊர் வண்டியில் வருகிறார். இதை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். காலையில் உன் வாசலில் நிற்பார். அதே வண்டி உடனே திரும்புகிறது, உனக்கு ஓர் இருக்கை சொல்லி வைத்திருக்கிறேன். லீவு, அது இது என்று யோசிக்காதே. வேலை முடிந்து வந்ததும் அப்பா சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பாரே, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து நீ கைகொட்டிச் சிரிப்பாயே. அந்தச் சொம்பைத் தேய்த்து எடுத்து வைத்திருக்கிறேன். நீ வந்து உன் கையால் ஊற்று. சிவப்பே இருக்கட்டும் அப்பா என்று உன் வாயால் சொல். உனக்காக மூடிய வாய், நான் சொல்லித் திறக்காது.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வெயில் கடுமை. தாகத்தை அடக்கிக்கொண்டு உட்காராதே. வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே வா, மகளே.

உன் வரவை வாசலிலேயே பார்த்திருக்கும்,
அம்மா