பீங்கானைப் படுக்க வைத்த சொல்

விருத்தாசலம்
12.2.2007

தமிழ்செல்வனுக்கு,

பீங்கானைக் கொன்றது நீ.

அண்ணா என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. போனில் கேட்டால் வைத்துவிடுவாய். கடிதமென்றால் கிழித்தாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

லோடு ஆட்டோ ராஜாங்கம் நேற்று வந்தார். வாசலில் அப்பா இருப்பதைப் பார்த்துவிட்டு என்னைத் தெருமுனைக்குக் கூப்பிட்டார். "ஒங்கண்ணன் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சும்மா. ஆனா எனக்குச் சோறு எறங்கல" என்றார்.

நல்லூர்ப் பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருவதற்கு முதல் நாள், சனிக்கிழமை மதியம், நம் நாய் பீங்கானை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாய். பெண்ணாடம் ரோட்டில், கரும்பு வண்டிகள் வரிசையாகப் போகிற இடத்தில் இறக்கிவிட்டாய். அது வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறது. நீ வண்டியை நிறுத்தி இறங்கி, "ஆறட்டும்" என்றாய். அது அங்கேயே படுத்துவிட்டது.

"மூணு மணி நேரம் கழிச்சு லோடு எறக்கிட்டு அதே வழியாப் போனேன். டிராக்டர்காரன் நின்னு பொலம்புறான். ஆரன் அடிச்சும் எந்திரிக்கலயாம். தலையத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி படுத்துக்கிச்சாம்." இது ராஜாங்கம் சொன்னது.

அந்தச் சொல் எதற்கு என்று உனக்குத் தெரியும். தெரியாதது போல நடிப்பாய் என்பதால் எழுதி வைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பீங்கான் கம்பெனிச் சூளை வாயில் நின்று அப்பா மூன்று தடவை "ஆறட்டும்" என்று சொன்னார். ஃப்யூஸ் கட்டை ஆர்டர் அன்றைக்கே போக வேண்டுமென்று சூப்பர்வைசர் திறக்க வைத்தான். கூட வேலை பார்த்த ராஜமாணிக்கம் மாமா அப்பாவின் கண் எதிரே வெந்துபோனார். கம்பெனி மறுநாளே வேறு சூளையைப் பற்ற வைத்தது. அப்பாவுக்குத்தான் கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் வந்தால் "ஆறட்டும், ஆறட்டும்" என்று சொல்லிக்கொண்டே ரோட்டில் இறங்கி நடப்பார்.

சண்டையிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வெளிநாட்டில் நாய் பழக்குகிறார்கள் என்று மனநல டாக்டர்தான் சொன்னார். எட்டு மாதம், அவித்த முட்டையைத் துண்டு துண்டாகக் கொடுத்து, தெருவில் கிடந்த அந்த வெள்ளை நாயை நான் பழக்கினேன். அப்பா வாயில் அந்தச் சொல் வந்ததும் ஓடி வந்து அவர் மடியில் முழுப் பாரத்தோடு படுக்கும். நடுக்கம் நின்று, அப்பாவே "எடுக்கலாம்" என்று சொன்னால்தான் எழுந்திருக்கும். சூளை ஆறிய பிறகு சொல்லும் சொல் அது. நீயோ நானோ சொன்னாலும் இரண்டு சொல்லுக்கும் கட்டுப்படும்; அப்பா பக்கத்தில் இல்லையென்றால் நின்ற இடத்திலேயே படுக்கும்.

அந்த இரண்டாவது சொல்லும் உனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை.

மதிவதனி


சென்னை
20.2.2007

அன்புத் தங்கை மதிக்கு அண்ணன் எழுதுவது.

நான் நலம். கடையில் வேலை அதிகம். உன் கடிதத்தில் ஒரு அண்ணனுக்கு எழுதும் மரியாதை இல்லை. பரவாயில்லை, கோபம் தணிந்தால் நீயே வருத்தப்படுவாய்.

நான் அதைக் கொல்லவில்லை. சர்க்கரை மில் பக்கம் ஆள் நடமாட்டம் அதிகம், பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பின்னாலேயே ஓடி வந்ததால், நிற்கட்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். டிராக்டர் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் நிலைமையையும் யோசி. அம்மா இருந்திருந்தால் எனக்குப் பெண் பார்க்கும் வேலையை அவளே செய்திருப்பாள். நல்லூர்க்காரர்கள் கௌரவமானவர்கள், பெண்ணின் அப்பா வாத்தியார். கூடத்தில் அப்பா மடியில் ஒரு தெருநாய் படுத்துக் கிடந்தால் ஏன் என்று கேட்க மாட்டார்களா? பைத்தியம் இருக்கிற வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்?

அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. கேட் கொண்டியைத் தான் போட மறந்ததால் நாய் ஓடிவிட்டது என்று அவர் நம்புகிறார். நான்தான் அப்படிச் சொன்னேன். அப்படியே இருக்கட்டும். இரண்டு நாளில் மறந்துவிடுவார். கல்யாணம் முடிந்ததும் நல்ல ஜாதி நாயாக வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
தமிழ்


விருத்தாசலம்
26.2.2007

தமிழ்செல்வனுக்கு,

அப்பா மறக்கவில்லை. நாய் போய் ஒரு மாதம் ஆகிறது. காலையில் எழுந்ததும் கேட்டருகே போய் நிற்கிறார். கொண்டியைப் போடுகிறார், எடுக்கிறார், மறுபடி போடுகிறார். தண்ணீர்க்காரரைக்கூட உள்ளே விடுவதில்லை. "நான் ஒருத்தன் மறந்தேன், ஒரு உசுரு போச்சு. ராஜமாணிக்கமும் அப்புடித்தான்" என்கிறார். ராஜமாணிக்கம் மாமாவையும் தானே கொன்றதாக இப்போது சொல்ல ஆரம்பித்திருக்கிறார். முன்பு சொன்னதில்லை. நீ கற்றுக் கொடுத்தது இது.

அந்தச் சூப்பர்வைசர் ஆர்டரைப் பார்த்தான். நீ பார்த்தது நம் வீட்டுக் கூடம் எப்படித் தெரியும் என்பதை. அவனுக்கும் உனக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஜாதி நாய் வேண்டாம். மார்ச் பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் வந்து, அப்பா எதிரில் நின்று, "நான்தான் கொண்டுபோய் விட்டேன், நீங்க கொண்டியப் போட்டுத்தான் இருந்தீங்க" என்று சொல். வராவிட்டால் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நல்லூர் போவேன். நீயே உன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

மதிவதனி


சென்னை
5.3.2007

மதி,

மிரட்டுகிறாயா? நல்லூர் போனால் கெட்டுப்போவது என் கல்யாணம் மட்டுமல்ல. உனக்கும் நாளைக்கு ஒருவன் வர வேண்டும். அந்த வீட்டுப் பெண் என்றால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள்.

கல்யாணம் முடியட்டும். அப்பாவை நல்ல ஹோமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம். உனக்கும் விடிவுகாலம் வரும். நான் வர முடியாது, வருஷக் கணக்கு முடிக்கிற மாதம்.

தமிழ்


விருத்தாசலம்
14.3.2007

தமிழ்செல்வனுக்கு,

பதினொன்றாம் தேதி போனது. பன்னிரண்டாம் தேதி காலை முதல் பஸ்ஸில் நல்லூர் போனேன்.

கலியமூர்த்தி வாத்தியார் உன் இரண்டு கடிதங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு மகள் பிரபா கையில் கொடுத்தார். அவள் படித்துவிட்டு என்னிடம் என்ன கேட்டாள் தெரியுமா? அப்பாவைப் பற்றி எதுவுமில்லை. "ஒடம்பு சரியில்லாதவங்க எந்த வூட்டுலதான் இல்ல? அந்த நாய் இவரு சொன்னத நம்பித்தானக்கா படுத்துச்சு?" என்றாள். வாத்தியார் கடிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இது எங்கிட்டயே இருக்கட்டும்மா. தரகர் கேட்டா காட்டணும்" என்றார். காப்பி குடிக்காமல் என்னை அனுப்பவில்லை.

நீ மறைத்த நோய்க்காக இந்தச் சம்பந்தம் முறியவில்லை. உன்னால் முறிந்தது. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

நல்லூர் போவதற்கு முன்னாலேயே உன் முதல் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். படிக்கத் தெரியாத மனுஷன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீயா சேத்துப் படிக்கிற. எம் மனசு ஆறணும்னு சொல்ற. எம் மவன் அப்புடிச் செய்ய மாட்டான்" என்றார். ராஜாங்கத்தைக் கூட்டி வந்து சொல்ல வைத்தேன். "ஏம்ப்பா, என் புள்ள மேல பழி போடுற?" என்று அவரைத் துரத்திவிட்டார்.

ஊரே சொன்னாலும் நம்ப மாட்டார். நீ சொன்னால் நம்புவார். வர வேண்டாம். ஞாயிறு பத்து மணிக்கு அப்பாவைக் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார வைத்திருப்பேன். நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது.

மதிவதனி


விருத்தாசலம்
19.3.2007

தமிழ்செல்வனுக்கு,

நேற்று பத்து மணியிலிருந்து ஒன்றரை மணிவரை உட்கார்ந்திருந்தோம். மவன் பேசப் போகிறான் என்று அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். பூத்துக்காரர் சாமிக்கண்ணு, "ஒங்களுக்கு இல்ல பெரியவரே, ஒக்காருங்க" என்று ஐந்து தடவை சொன்னார். கடைசியில் கை நடுங்க ஆரம்பித்தது. மடியில் படுக்க ஒன்றுமில்லை. நான் தரையில் உட்கார்ந்து அவர் முழங்கால்மேல் என் தலையை அழுத்தி வைத்துக்கொண்டேன். கடைத்தெருவே நின்று பார்த்தது. நீ பயந்த காட்சி அதுதான். எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

இனி உனக்கு எந்த ஊரில் பெண் பார்த்தாலும் எனக்குத் தெரியவரும். எல்லா ஊருக்கும் பஸ் இருக்கிறது.

அடுத்த ஞாயிறும் உட்கார்ந்திருப்போம். அதற்கடுத்த ஞாயிறும் உட்கார்ந்திருப்போம். என்னிடம் நீ ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம். அவரிடம் மட்டும் சொல்.

போன் செய்.

மதிவதனி