துரையை நான் ‘அவன்’ என்று சொல்லிவிட்டேன்

ஞாயிற்றுக்கிழமை, 12 அக்டோபர் 2025
காலை 9.40 மணி
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்

பொருள்: துரை இந்த வீட்டிலேயே இருப்பது குறித்து

என் அன்புத் தங்கை பத்மாவுக்கு,

நீ முதலில் கேட்கப்போவது என் உடம்பைப் பற்றித்தான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை ஜூலை மாதம் அகற்றினார்கள். இப்போது கீமோ சிகிச்சை நடக்கிறது. மூன்று சுற்றுகள் முடிந்துவிட்டன. நாக்கில் தகரத்தின் சுவை. குளிர்ந்த நீரைத் தொட்டால் விரல் நுனிகள் சுருக்கென்கின்றன. மற்றபடி என் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டுக்கொள்கிறேன்.

கீழே சாலை முழுவதும் தீபாவளி விளக்குகள். உன் பூனை துரை சன்னல் வலைக்குப் பின்னால் அமர்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘பார்த்துக்கொண்டிருக்கிறான்’ என்று நீ திருத்துவாய். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவனுக்குத் திணை மயக்கம் ஆகாது என்று நானும் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

அந்த வழக்கில் நீ வென்றுவிட்டாய். எப்படி என்று சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து நான் வீடு திரும்பிய மறுநாளே உன் மகள் மாலதி பாசிர் ரிஸ்ஸிலிருந்து பூனைக்கூண்டோடு வந்துவிட்டாள்.

“மாமா, கீமோ போட்டா உடம்புல எதிர்ப்புச் சக்தியே இருக்காது. இவன் நகம் பட்டாலே இன்ஃபெக்‌ஷன் ஆயிடும். ரிஸ்க் எடுக்காதீங்க லா.”

“உன் வீட்டிலா வைத்துக்கொள்வாய்?”

“எங்க வீட்டுக்காரருக்குப் பூனை முடி ஆகாதே. என் ஃப்ரெண்ட் ஒருத்தி வளர்க்கிறேன்னு சொல்லியிருக்கா. நல்லா பாத்துப்பா. ஆனா திருப்பியெல்லாம் கேக்க முடியாது.”

அவள் சொன்னதில் தவறில்லை. ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அண்ணே, துரையைப் பாத்துக்குங்க.” சரி என்று சொல்லியிருந்தேன். உனக்குக் கொடுத்த வாக்கும் என் வெள்ளணுக்களும் ஒரே வீட்டில் இருக்க முடியுமா? மருத்துவமனைத் தாதியைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றேன். கூண்டு கூடத்திலேயே இருந்தது.

சிகிச்சை தொடங்கும் முன் ஒரு தமிழ்த் தாதி என்னையும் மாலதியையும் உட்காரவைத்து விவரங்களைக் கேட்டார்.

“வீட்ல உங்களோட யார் இருக்காங்க அங்கிள்?”

“துரை மட்டும்தான் இருக்கான்.”

அப்படியே வாயில் வந்துவிட்டது, பத்மா.

“துரைக்கு என்ன வயசு?”

“பதினொன்று.”

“பேரனா? சின்னப் பிள்ளைங்க சளி, காய்ச்சல் கொண்டு வருவாங்க. ஸ்கூல் விட்டு வந்ததும் கை கழுவச் சொல்லுங்க.”

“அவன் வெளியே போவதில்லை. கையை நக்கித்தான் சுத்தம் செய்துகொள்வான்.”

தாதி எழுதுவதை நிறுத்திவிட்டு மாலதியைப் பார்த்தார். உன் மகள் சிரித்த சிரிப்பில் சொற்கள் துண்டு துண்டாகத்தான் வந்தன. “சிஸ்டர்... துரை... பூனை!”

“நல்லவேளை அங்கிள்! நான் யாரைக் கூப்பிடறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்.”

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். பூனையை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அவன் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. பச்சை இறைச்சி தின்னக் கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும். என் முகத்தையோ புண்ணையோ நக்க விடக் கூடாது. தொட்டால் கை கழுவ வேண்டும். கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவர்களை அழைக்க வேண்டும். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் எந்த நேரமானாலும் வந்துவிட வேண்டும். என் கட்டிலில் அவனுக்கு இடமில்லை. அவன் மலம் கழிக்கும் மணல் பெட்டியை அன்றாடம் வேறொருவர் சுத்தம் செய்ய வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது. வேறொருவர் என்றால் யார்?

“தினமும் பாசிர் ரிஸ்லேர்ந்து நான் எப்படி மாமா வர்றது?” என்றாள் மாலதி. வீடு திரும்பி வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு ரொஹானி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். விவரம் கேட்டதும், “ஆலா, ஒரு பூனைப் பெட்டியை அள்ளுறதுக்கா இவ்வளவு பெரிய மீட்டிங்?” என்றார் மலாயில். “என் வீட்டுல மூணு இருக்கு. நாலாவது ஒரு கணக்கா?”

மாலதி கூண்டைக் காலியாகவே எடுத்துப் போனாள்.

இப்போது ரொஹானி தினமும் காலையில் வருகிறார். வேலை ஐந்து நிமிடம். துரையோடு பேச்சு அரை மணி நேரம். அவனும் பதில் சொல்கிறான். என்னைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஒன்றுதான் கடினமாக இருக்கிறது. நீ போன பிறகு அவன் என் காலடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போது நான் படுத்தால் அறைக் கதவைச் சாத்திவிடுகிறேன். சற்று நேரத்தில் கதவின் கீழ் இடுக்கில் ஒரு பாதம் உள்ளே வந்து தரையைத் தடவும். நான் எழுந்து நாற்காலியைக் கதவருகே போட்டுக்கொண்டு செய்தித்தாளை உரக்கப் படிப்பேன். தலையங்கம் முடிவதற்குள் பாதம் அசையாமல் கிடக்கும். தூங்கிவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் நான் படுக்கிறேன். உனக்கும் அவன் இப்படித்தான் கை நீட்டுவானா? கேட்டுவைக்காமல் விட்டுவிட்டேன்.

சிகிச்சை முடிந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அந்தக் கதவைத் திறக்க மாட்டேன், பத்மா. அவனைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தாக வேண்டும். ஆகையால் என்னையும் பார்த்துக்கொள்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன் உடன்பிறந்த அண்ணன்,
சீனிவாசன்

இத்துடன் உன் படத்தின் முன் வைத்திருப்பவை:
1. துரையை வளர்ப்பதற்கான உரிமச் சான்றிதழ், நகல். உரிமையாளர் என்ற இடத்தில் இப்போது என் பெயர்.
2. தாதி தம் கையால் எழுதிக் கொடுத்த குறிப்பு, நகல். (‘துரை சார்’ என்று குறிப்பிட்டிருக்கிறார்.)
3. துரையின் உதிர்ந்த மீசை முடி ஒன்று, தனி உறையில். கையுறை போட்டுத்தான் எடுத்தேன்.