வேட்பாளர் நீங்கள்தான், அம்சாக்கா

என் அன்பு அம்சாக்காவுக்கு,

புனேக்கு, நம் தாபோடிக்கு வந்திருக்கிறேன் அக்கா. உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் போன செய்தி வந்தபோது ஈப்போ மருத்துவமனையில் கைக்குழந்தையோடு கிடந்தேன், வர முடியவில்லை. வருஷத் திதிக்காவது வந்துவிட வேண்டும் என்று நேற்று வந்து சேர்ந்தேன். மாமா கதவைத் திறந்ததும் என்ன கேட்டார் தெரியுமா? "பசியாறிட்டியாம்மா?" அது எங்கள் மலேசியாப் பேச்சு. அந்த வார்த்தையைச் சொல்லி என்னை எத்தனை கேலி செய்திருக்கிறீர்கள்!

நான் உங்கள் மாடி அறைக்குக் குடிவந்தது தொண்ணூறுகளின் கடைசியில். புனேயில் நடைமுறை அரசியலில் முதுகலை படிக்க வந்த வெளிநாட்டு மாணவி. ஒரு தேர்தலை முதலில் இருந்து கடைசி வரை கூடவே இருந்து பார்த்து எழுதினால்தான் பட்டம். ஆனால் மாணவர் விசாவில் வந்தவள் அரசியலில் இறங்கக் கூடாது. "பார், தொடாதே," என்று பேராசிரியர் சிரித்துக்கொண்டே எச்சரித்திருந்தார். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "இன்னாடி படிப்பு இது? சமையல் கத்துக்க வந்தவள அடுப்பாண்ட போவாதேன்ற மாதிரி கீது!"

அந்த வருஷம் நம் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் தங்கள் மனைவிமாரை நிறுத்தினார்கள். உங்களை யாரும் நிறுத்தவில்லை. நீங்களே நின்றீர்கள். சந்துக் குழாயில் தண்ணீர் வராததைக் கேட்கப் போன இடத்தில், "உனக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே நில்லேன்" என்று எவனோ கிண்டலாகச் சொன்னானாம். மறுநாளே போய் மனுத் தாக்கல் செய்துவிட்டு வந்தீர்கள்.

போசரி பட்டறையில் லேத் ஓட்டிவிட்டுக் களைத்து வந்த மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஜெயிச்சா மீட்டிங்ல மராத்தில பேசணும்டி."

"நல்லாண்ட சண்டை போடறப்போ இன்னாத்துல பேசறேனாம்? அதே மராத்திதான்." குழாயை 'நல்' என்று சொல்லியே பழகியவர் நீங்கள். ஆம்பூர்த் தமிழும் இந்தியும் மராத்தியும் உங்கள் வாயில் ஒரே மொழி.

பேராசிரியர் சொன்னபடிதான் நான் நடந்துகொண்டேன் அக்கா. நீங்கள் ஓட்டுக் கேட்டுப் போகும்போது நாலடி தள்ளி நடந்தேன். கொடியைத் தொட்டதில்லை. உங்கள் சின்னமான தையல் மிஷின் படம் போட்ட நோட்டீஸைக்கூடக் கையில் வாங்கியதில்லை. அப்படியும் வந்தது வினை.

பக்கத்துச் சந்தில் பெண்கள் மாலையோடு காத்திருந்தார்கள். வேட்பாளர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் வெயிலில் அலைந்து, முந்தானையை இடுப்பில் செருகி, வேர்த்து வடிந்து நின்றீர்கள். நான் அன்றைக்கென்று பார்த்துப் புதுப் புடவை கட்டியிருந்தேன். மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டார்கள்! "ஐயோ, நான் இல்லைலா!" என்று நான் கத்துவதற்குள் ஒருவன் படம் எடுத்துவிட்டான். நீங்களோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

மறுநாள் அந்தப் படம் உள்ளூர் மராத்திப் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதற்கு அடுத்த நாள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இருந்து எனக்கு அழைப்பு. மலேசியாக்காரி ஒருத்தி வார்டில் பிரச்சாரம் செய்கிறாள் என்று எதிராளி யாரோ புகார் கொடுத்திருந்தார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோட்டத்தில் வேலை செய்து என்னை அனுப்பிய அப்பா நினைவுக்கு வந்தார். படிப்பை முடிக்காமல் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அன்று உங்களுக்குப் பெரிய ஊர்வலம். வாடகைக்கு எடுத்த மேளம் வாசலில் வந்து நின்றுவிட்டது. நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு ரிக்‌ஷாவில் ஏறினீர்கள்.

"நீங்க போங்கக்கா, ஊர்வலம் இருக்கு. நான் தனியாப் பாத்துக்கறேன்."

"ஊர்வலம் நான் இல்லாமலும் போவும். உன்ன அனுப்பிட்டாங்கன்னா நீ திரும்பி வருவியா? வாய மூடிக்கினு வா."

அந்த அதிகாரியை நினைவிருக்கிறதா? மூக்கு நுனியில் கண்ணாடி, பேச்சில் ஏற்ற இறக்கமே இல்லை. பத்திரிகையை மேஜைமேல் விரித்து இந்தியில் கேட்டார்: "படிக்கத்தானே வந்தாய்? இது என்ன?" எனக்கு இந்தி, ஆங்கிலம் எல்லாமே மறந்துபோனது. யாரும் கூப்பிடாமலே நீங்கள் எழுந்து போய்ப் படத்தின் ஓரத்தில் விரலை வைத்தீர்கள். அங்கே ஒரு பாதி முகமும் ஒரு தோளும் தெரிந்தன.

"சாஹேப், உமேத்வார் மீ ஆஹே!" வேட்பாளர் நான்தான் என்று அந்த அறையே அதிரச் சொன்னீர்கள். "இந்தப் பொண்ணு எனக்கு ஒரு ஓட்டு வாங்கித் தரல சாஹேப். எனக்குப் போட வேண்டிய மாலையையும் வாங்கிக்கிட்டா. புகார் குடுக்கணும்னா நான்தான் குடுக்கணும்!"

அவர் படத்தைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டி! பேராசிரியரிடம் தொலைபேசியில் பேசினார். கடைசியில் என்னிடம், "ஓட்டு எண்ணி முடியும் வரை தெருவில் இறங்காதே. படித்து முடித்து ஊருக்குப் போய்ச் சேர்," என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நான் விம்மி விம்மி அழுதேன். நீங்கள் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து, "முடிஞ்சிச்சு. குடி," என்றீர்கள். அந்த ஒரு வாய்ச் சாறு தொண்டையில் இறங்கிய குளிர்ச்சி இப்போதும் தெரிகிறது.

மீதி நாட்கள் நான் மாடியிலேயே கிடந்தேன். ஒவ்வொரு நாளும் நீங்கள் வீடு திரும்பி, கால் கழுவிவிட்டு, வெங்காயம் நறுக்கியபடி எல்லாவற்றையும் சொல்வீர்கள். எந்தச் சந்தில் கதவை மூடிக்கொண்டார்கள், எவள் குங்குமம் வைத்துவிட்டாள், எவன் மனைவியைப் பேசவிடாமல் தானே பேசினான். நான் எழுதிக்கொண்டேன். அதுதான் என் ஆய்வு. நேர்முகத் தேர்வில் ஒருவர், "ஒரு பெண் வீட்டில் சொன்னது எப்படி ஆதாரமாகும்?" என்று கேட்டார். "அவள்தான் வேட்பாளர் ஐயா," என்றேன். பட்டம் கிடைத்தது. இன்று அதே பாடத்தை நான் கற்பிக்கிறேன்.

நீங்கள் தோற்றீர்கள். எண்ணிக்கை நடந்த இடத்தில் இருந்து வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர்கள். யாரோ வாசலில் நின்று, "ஃபாரின்காரிய கூட்டிக்கினு சுத்தினா இப்படித்தான்," என்று சொல்லிவிட்டுப் போனது எனக்குக் கேட்டது. உங்களிடம் கேட்கத் துணியவில்லை. இத்தனை வருஷமும் அது உள்ளே முள்ளாகக் கிடந்தது. அந்த ஊர்வலத்தை எனக்காக விடாமல் இருந்திருந்தால்?

நேற்று மாமாவிடம் கேட்டேவிட்டேன். அவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"அட போம்மா! நம்ம சந்துல பாதிப் பேருக்கு அப்போ ஓட்டு ஊர்லதான் இருந்துச்சு. வீடு தாபோடி, பேரு வேலூர் பக்கம். அவளுக்கு யாரு போடுவாங்க? நீ வராம இருந்தாலும் தோத்திருப்பா. நல்லாவே தோத்திருப்பா!"

நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர். இவ்வளவுதானா அக்கா? இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒருவேளை நான் இப்படி நினைத்துக்கொண்டிருப்பேன் என்றே உங்களுக்குத் தோன்றவில்லையோ?

மாமா மேலும் சொன்னார். தோற்ற பிறகு நீங்கள் வீடு வீடாகப் போய் எல்லார் ஓட்டையும் இந்த ஊருக்கு மாற்றவைத்தீர்களாம். அடுத்த தேர்தலில் பெண்களுக்கான ஒதுக்கீடு வேறு வார்டுக்குப் போய்விட்டது, நீங்கள் நிற்கவில்லை. ஆனால் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் முதலில் உங்கள் வாசலில் வந்துதான் நின்றார்களாம். தண்ணீர் இப்போது தினமும் வருகிறது. இன்று காலை நானே பிடித்தேன்.

உங்கள் ரேணு வளர்ந்துவிட்டாள். தெருவிளக்குக்காக வார்டு அலுவலகத்துக்கு நடக்கிறாளாம். "அம்மா மாதிரி கத்த வராது ஆன்ட்டி. ஆனா, நான் டெய்லி போய் நிக்கறேன்," என்கிறாள். இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்தாள். உங்கள் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது. முதல் வரியிலேயே தடுமாறி நின்றுவிட்டாள்.

அதனால் ஒன்று சொல்கிறேன் அக்கா. திதி முடிந்ததும் ரேணுவை உட்காரவைத்து இதை முழுக்க வாசித்துக் காட்டுவேன். உங்கள் பேச்சு வருமிடத்தில் உங்களைப் போலவே பேசிப் பார்ப்பேன். எனக்கு ஆம்பூர்த் தமிழ் வராது, அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் வருவேன், அவளாக இதைப் படித்து எனக்குக் காட்டும் வரை.

உங்கள் மாடி வீட்டுத் தங்கை,
கோகிலா